தகவல் கவுண்ட்டரில் என் சித்தி

என் சித்திக்கு வந்த நோய்க்கு எங்கள் தெருவில் ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். மாடிவீட்டுக்காரர் கூச்சம் என்றார். அவர் மனைவி திமிர் என்றாள். சோம்பல், சொகுசு, உடம்பில் சத்து இல்லை, வயதாகியும் கல்யாணம் ஆகாத கோளாறு என்று வாய்க்கு வந்ததெல்லாம் வந்தது. நாய்க்குட்டிக்குப் பெயர் வைக்கிறவன்கூட முதலில் அதைத் தூக்கி ஆணா பெண்ணா என்று பார்ப்பான். இவர்கள் அதுகூடப் பார்க்கவில்லை.

சரியான பெயர் கடைசியில்தான் வந்தது. அது வந்து சேருவதற்குள் சித்தியின் வேலை ஒரு நூலில் தொங்க ஆரம்பித்துவிட்டது. அந்த நூலை அறுக்கப் பார்த்ததில் எனக்கும் பங்கு உண்டு. ஊரையெல்லாம் திட்டிவிட்டு நான் மட்டும் நல்லபிள்ளை வேஷம் போட முடியாது என்பதால் அதையும் எழுதுகிறேன்.

சித்தி அம்மாவுக்குத் தங்கை. எங்களோடுதான் இருக்கிறாள். பேருந்து நிலையத்தில் பதினோரு வருடம் அறிவிப்பாளராக இருந்தாள். மாடியில் ஒரு கண்ணாடி அறை, ஒரு மேசை, ஒரு மைக், ஒரு சிவப்புப் பொத்தான். பொத்தானை அழுத்தி, “பதினேழாம் எண் வண்டி மூன்றாம் நடைமேடையில் இருந்து இன்னும் ஐந்து நிமிடத்தில் புறப்படும்” என்பாள். மூட்டையும் குழந்தையுமாக ஓடுகிறவர்கள் அந்தக் குரலைக் கேட்டதும் ஓட்டத்தை நிறுத்தி நடக்க ஆரம்பிப்பார்கள். அப்படி ஒரு குரல். ஊரில் அவளைத் தெரியாதவர்கள் உண்டு, அவள் குரலைத் தெரியாதவர்கள் கிடையாது.

ஆனால் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரியால் கடையில் ஒரு சோப்பு கேட்டு வாங்க முடியாது. கடை வாசல் வரை போவாள், திரும்பி வந்து “கடை மூடியிருக்கு” என்பாள். ஒருமுறை அப்படிச் சொன்னபோது கடைக்காரர் கடையைத் திறந்து போட்டுவிட்டு எங்கள் வாசலில் நின்று அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தார். பேருந்தில் அவள் இறங்க வேண்டிய இடத்தில் வேறு யாரும் இறங்காவிட்டால் இவளும் இறங்க மாட்டாள். வண்டியை நிறுத்தச் சொல்ல வேண்டுமே. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வெயிலில் திரும்பி நடந்து வருவாள். ஊரில் உள்ள எல்லா வண்டியையும் கிளப்பி அனுப்புகிறவள்.

நாலு பேர் எதிரே சாப்பிட மாட்டாள், கரண்டி நடுங்குவது தெரிந்துவிடுமாம். யாரிடமாவது பேச நேர்ந்துவிட்டால் அதைப் பல நாள் அரைப்பாள்.

“நான் ‘சரிங்க’ன்னு ரெண்டு தடவ சொல்லிட்டேன்டி. லூசுன்னு நினைச்சிருப்பார்ல?”

“யாரு சித்தி?”

“கரண்ட் மீட்டர் பாக்க வந்தவரு.”

“அவரு வந்துட்டுப் போயி எட்டு நாள் ஆச்சு. உன் மூஞ்சியே அவருக்கு ஞாபகம் இருக்காது.”

“இருக்கும்டி. எனக்கு இருக்கே.”

எங்கள் வீட்டில் எல்லோரும் இதற்குச் சிரிப்போம். நான்தான் அதிகம் சிரித்தேன். ஏனென்றால் அவள் குரல் என் தொண்டையில் அச்சு அசலாக வரும். எனக்கு வீட்டில் பெயர் வாலு. “மூன்றாம் படியில் நிற்கும் மாடிவீட்டுக்காரர் உடனே புறப்படவும்” என்று அவள் குரலில் நான் சொன்னால், அந்த மனிதர் ஒருகணம் வானத்தைப் பார்த்துவிட்டு நிஜமாகவே புறப்படுவார். அம்மாவின் குரலும் வரும். அந்தக் குரலில் பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து எனக்கு மூன்று நாள் லீவு வாங்கினேன். வேறு வேறு அம்மாக்களின் குரலில் பக்கத்து பெஞ்சு முழுவதற்கும் லீவு கேட்டதில்தான் மாட்டிக்கொண்டேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்தோம்.

பிறகு நிலையத்துக்கு இயந்திரம் வந்தது. நிலைய சூப்பிரண்டு சித்தியை மூன்று நாள் ஒரு அறையில் உட்காரவைத்து ஒன்று முதல் தொண்ணூற்றொன்பது வரை சொல்லச் சொன்னார். பிறகு நடைமேடை எண்கள். பிறகு “புறப்படும்”, “தாமதமாக வரும்”, “வருந்துகிறோம்”. எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கேட்க முடிந்தால் அவள் ஏன் அவளாக இருக்கிறாள். “ஒரு அவசரத்துக்கு இருக்கட்டும்மா” என்றார் அவரே. நான்காம் நாள் மைக்கைக் கழற்றினார்கள். இயந்திரம் சித்தியின் குரலில் வண்டிகளை அனுப்ப ஆரம்பித்தது. சித்தியைக் கீழே தகவல் கவுண்ட்டருக்கு மாற்றி உத்தரவு வந்தது.

“மைக்ல முழங்கற ஆளு நீங்க. கவுண்ட்டர்ல பொளந்து கட்டிடுவீங்க” என்றாராம் சூப்பிரண்டு. அவளுடைய குரலை வைத்தே அவளை அறையை விட்டு வெளியேற்றிய மனிதர், அதைப் பாராட்டு மாதிரி சொல்லியிருக்கிறார்.

முதல் நாள் நான் வேடிக்கை பார்க்கப் போனேன். கண்ணாடியில் வட்டமாக ஓர் ஓட்டை, அதற்குப் பின்னால் சித்தி, முன்னால் வரிசை. காது நுனி வரை சிவந்து, மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக நின்றது. ஒருவர் ஓட்டையில் வாயை வைத்து, “முப்பத்திரண்டு எப்பம்மா வரும்?” என்றார். சித்தியின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. தலைக்கு மேலே ஒலிபெருக்கியில் அதே சித்தி, பதறாமல் சிதறாமல், இருபத்தெட்டாம் எண் வண்டியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த ஆள் மேலே கையைக் காட்டி, “அங்க பேசுதே, அந்தம்மாவ வரச் சொல்லுங்க. அது தெளிவா சொல்லும்” என்றார்.

வரிசையே சிரித்தது. அதுவரை இந்த விஷயத்தில் சிரிப்பது என் வேலையாக இருந்தது. அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தவர்களைக் கடிக்க வேண்டும் போல இருந்தது.

அந்த வாரத்திலேயே புகார்கள் போயின. விளக்கம் கேட்டு முதல் கடிதம் வந்தது. அம்மா அவளைத் தெருமுனை டாக்டரிடம் இழுத்துப்போனாள். நானும் போனேன். நெஞ்சில் வயர் ஒட்டிக் கோடு கோடாக ஒரு தாள் எடுத்தார், ரத்தம் எடுத்தார், எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “ஒண்ணும் இல்ல. கொஞ்சம் தைரியமா இருக்கணும்” என்றார்.

“ஒண்ணும் இல்லாததுக்கு எதுக்கு டாக்டர் நெஞ்சு அந்த அடி அடிக்குது?” என்று கேட்டேன்.

“இந்தப் பொண்ணு யாரு?”

அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

உலகத்தில் எனக்குப் பிடிக்காத வார்த்தை இந்த ‘ஒண்ணும் இல்ல’தான். கால் உடைந்து வருகிறவனிடம் யாரும் அப்படிச் சொல்வதில்லை. நெஞ்சு நன்றாக இருக்கிறது என்று சொல்லட்டும், அது நல்ல செய்தி. நெஞ்சு நன்றாக இருந்தும் அவள் ஏன் தவிக்கிறாள் என்று அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டியது யார்? நோயாளியா? அவளுக்குத்தான் கேள்வியே வராதே.

மருந்துக்கடைக்காரர் டாக்டரைவிட வேகம். சீட்டே இல்லாமல் ஒரு மாத்திரையைக் கொடுத்து, “ஒண்ணு போட்டா பதட்டம் எல்லாம் ஓடிடும்” என்றார். ஓடித்தான் போனது, கூடவே சித்தியின் நினைவும். இரண்டு போட்டுக்கொண்டு போனவள் பத்தரை மணிக்கு நேர அட்டவணை மேல் கன்னத்தை வைத்துத் தூங்கிவிட்டாள். எவனோ படம் பிடித்தான். இரண்டாவது கடிதம் வந்தது: பணி நேரத்தில் உறங்கியது. மூன்று வாரத்துக்குள் வேலைக்குத் தகுதி என்று மருத்துவச் சான்று தராவிட்டால் வேலை இல்லை.

இவ்வளவு படித்தவர்களில் ஒருவருக்கும் தெரியாததை, நிலையத்தில் பெருக்குகிற அக்காதான் சொன்னாள். துடைப்பத்தைக் கவுண்ட்டரில் சாய்த்துவிட்டு, சித்தியைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள். அந்த நாசூக்கு வேறு யாருக்கும் வரவில்லை.

“எனக்குத் திடீர்னு நெஞ்சடைக்கும், கை மரத்துப்போகும், செத்தேன்னே நினைப்பேன். நாலு தடவ ராத்திரி பகல் பாக்காம ஓடியிருக்கேன். நாலு தடவையும் நெஞ்சு நல்லா இருக்குன்னு அனுப்பிட்டாங்க. அப்புறம்தான் பெரிய ஆஸ்பத்திரியில பதினாலாம் நம்பர் ரூமுக்குப் போனேன். பைத்தியக்கார ரூமுன்னு எவனாவது சொன்னா, நான் போயிருக்கேன்னு சொல்லு. பயம் முத்துனவங்க போற ரூமு அது. இவங்களையும் கூட்டிட்டுப் போ.”

பதினாலாம் அறையில் முதலில் ஒரு டாக்டர் பார்த்தார், பிறகு பெண் ஆலோசகர் ஒருவர். ஆலோசகர் பேனாவால் தலையைச் சொறிகிற பழக்கம் உள்ளவர், நெற்றியோரம் எப்போதும் நீல மை. நான், அம்மா, சித்தி மூன்று பேரும் எதிரே உட்கார்ந்தோம். அவர் சித்தியிடம் கேட்ட எல்லாவற்றுக்கும் நான் பதில் சொன்னேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு அவர் சொன்னார்:

“பயம் எல்லாருக்கும் வரும், வரணும். வண்டி வர்றப்ப பயந்து ஒதுங்கத்தானே செய்றோம். காரணத்துக்கு மேல பெருசாகி, மாசக்கணக்கா நின்னு, வேலை, சாப்பாடு, தூக்கத்தைக் கெடுக்குதுன்னா அது நோய். அதுலயும் ஒரே வகை கிடையாது. திடீர்னு அலை மாதிரி வந்து, செத்துடுவோம்னு தோண வைக்கறது ஒண்ணு. பீதி நோய். அது மறுபடி வந்துடுமோன்னு கூட்டத்துக்கோ வெளியிலயோ போகவே பயப்படறவங்க உண்டு. ஊசி, உயரம், நாய்னு ஒரே ஒரு பொருள் மேல வர்றது இன்னொண்ணு. எதுக்கெடுத்தாலும் ‘என்ன ஆகுமோ, ஏது ஆகுமோ’ன்னு நாள் முழுக்கக் கவலைப்பட்டு, தூக்கம் கெட்டு, கழுத்து வலி, எரிச்சல்னு இருக்கறது பொதுவான பதற்ற நோய்.”

“அத ஏன் என்னைப் பாத்து சொல்றீங்க?” என்றாள் அம்மா.

“உங்களப் பாக்கலம்மா, கடிகாரத்தைப் பாத்தேன். உங்க தங்கைக்கு இருக்கறது சமூகப் பதற்ற நோய். நாலு பேர் நம்மள எடைபோடுவாங்க, அவமானமாயிடும்ங்கற பயம். கூச்ச சுபாவம் வேற, இது வேற. கூச்சப்படறவங்க கொஞ்ச நேரத்துல பழகிடுவாங்க. இவங்க பழக்கத்தையே விட்டு ஓடறாங்க. ஓடறப்ப நிம்மதியா இருக்கும். அந்த நிம்மதிதான் நோய்க்குச் சாப்பாடு.”

சித்தி தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். பதினோரு வருடம் ஒலிபெருக்கிக்குப் பின்னால் ஒளிந்திருந்தவளை யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார். அது மருந்துக்கடைக்காரர் கொடுத்த மாதிரி உடனே தூங்கவைக்கிற சரக்கு கிடையாது. தினமும் போட வேண்டும், பலன் தெரிய நாலு வாரம், ஆறு வாரம் ஆகலாம், ஆரம்பத்தில் வயிற்றைப் பிரட்டலாம், கேட்காமல் திடீரென்று நிறுத்தக் கூடாது. அந்தப் பழைய மாத்திரையை இஷ்டத்துக்குப் போட்டால் அது இல்லாமல் முடியாது என்கிற இடத்தில் கொண்டுபோய் விடும் என்று அதைக் கையோடு வாங்கி வைத்துக்கொண்டார்.

ஆலோசகரின் வைத்தியம் வேறு. சித்தி பயப்படுகிற விஷயங்களை அவளையே எழுதச் சொல்லி, குறைந்த பயம் கீழேயும் அதிகம் மேலேயுமாக ஒரு படிக்கட்டு வரைந்தார். முதல் படி, போன். தினம் காலை பதினோரு மணிக்கு அவருடைய மேசைப் போனுக்குக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்க வேண்டும். அடுத்த படி, தெரியாத இடத்துக்குப் போன். பிறகு கடை. உச்சிப் படியில்தான் கவுண்ட்டர். “பயம் ஏறும். ஏறட்டும். போனை வைக்காம இருந்தா தானா இறங்கும். அத உங்க உடம்பு பாக்கணும். நான் ஆயிரம் சொன்னாலும் அது நம்பாது, பாத்தாத்தான் நம்பும்.”

முதல் நாள் பதினோரு மணிக்குச் சித்தி போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதியிருந்தாள். முதல் வரி: வணக்கம். பதினொன்று ஐந்து. பதினொன்று பத்து. கண்ணில் நீர் கட்டிவிட்டது. பார்க்கச் சகிக்கவில்லை எனக்கு. போனை அவள் கையிலிருந்து பிடுங்கினேன்.

“வணக்கம் மேடம். மாத்திரையச் சாப்பாட்டுக்கு முன்னாடி போடணுமா, பின்னாடியா?”

சித்தியின் குரல். அந்தப் பக்கத்தில் ஆலோசகர் மகிழ்ந்துபோனார். “அருமை. ரொம்ப நல்லா பேசறீங்க.” ஊரே அறிந்த குரல், எப்படிச் சந்தேகம் வரும்?

போனை வைத்ததும் சித்தி பெருமூச்சு விட்டாள். “நாளைக்கு நானே பேசறேன்டி.”

“பேசு பேசு.”

நாளைக்கும் நான்தான் பேசினேன். மொத்தம் பதினான்கு நாள். இரண்டாம் படியின் போன்களையும் நானே செய்தேன். நூலகத்துக்குப் பேசினேன், துணிக்கடைக்குப் பேசினேன், சித்தியின் குரலில் ஒருவரிடம் சண்டைகூடப் போட்டேன். சித்தி பக்கத்தில் நின்று பாதி சிரிப்பும் பாதி வெட்கமுமாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளை நான் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு அப்படி ஒரு கர்வம். அவள் நோய்க்கு வேளாவேளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்று வாரம் முடிகிற நாளில் ஆலோசகர் கடிதம் எழுதித் தந்தார்: நல்ல முன்னேற்றம், நேரடிப் பணியைப் படிப்படியாகத் தொடங்கலாம். சூப்பிரண்டின் கண்ணுக்கு ‘படிப்படியாக’ மட்டும் தெரியவில்லை. திங்கட்கிழமை முழு நேரம், தனியாக என்று போட்டுவிட்டார்.

அந்தத் திங்கட்கிழமை பாலத்தில் பழுதுபார்க்கும் வேலை. பதினோரு வண்டிகளின் வழியும் நடைமேடையும் மாறிவிட்டன. மாறியது இயந்திரத்துக்குத் தெரியாது. அது சித்தியின் குரலில், அதே நிதானத்தில், தப்புத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தது. மூன்றாம் நடைமேடைக்கு ஓடியவர்கள் அங்கே வண்டி இல்லாமல் கவுண்ட்டருக்கு ஓடி வந்தார்கள். சரியான விவரம் எல்லாம் சித்தியின் முன்னால் ஒரு தாளில் இருந்தது. ஓட்டையில் ஆறு வாய், கண்ணாடியில் இருபது கை. “பொய் சொல்றது உன் குரல்தானே” என்று விஷயம் தெரிந்த யாரோ கத்தினார்கள். சித்தி ஷட்டரை இழுத்து மூடினாள். உள்ளே தாழ் போட்டுக்கொண்டு மேசைக்கு அடியில் உட்கார்ந்தாள். நாற்பது நிமிடம். நேர்காணலுக்குப் போக வேண்டிய ஒரு பெண் வண்டியைத் தவறவிட்டுவிட்டு, கையோடு எழுத்தில் புகார் கொடுத்துவிட்டுப் போனாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளுக்கும் ஒரு வேலை வேண்டும்தானே.

பெருக்குகிற அக்கா ஆள் அனுப்பி நான் ஓடிப்போனேன். ஷட்டரில் வாயை வைத்துக் கூப்பிட்டேன். கதவு திறந்தது. சித்தியின் முகம் வெந்துபோயிருந்தது.

“வா சித்தி, வீட்டுக்குப் போலாம். சூப்பிரண்டுகிட்ட நான் பேசிக்கறேன்.”

“நீ பேசாத.”

“இல்ல, நான் என்ன சொல்றேன்னா…”

“நீ பேசிப் பேசித்தான்டி என்னை இங்க கொண்டாந்து உக்கார வெச்ச. எனக்குக் குடுத்த மருந்த நீ குடிச்சிருக்க. பதினாலு நாளு. நானும் பல்லக் காட்டிட்டு நின்னிருக்கேன், வெக்கங்கெட்டவ. இனிமே எனக்காக வாயத் திறந்தீன்னா, உன்கூட இருக்கற பேச்சையும் நிறுத்திடுவேன்.”

அவள் என்னிடம் இத்தனை வார்த்தை ஒரே மூச்சில் பேசியது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்தது. அதைக் கோபமாக மாற்றி, வழியில் கிடந்த காலி டின்னை எட்டி உதைத்தேன். கால்தான் வீங்கியது.

மறுநாள் பதினாலாம் அறைக்குப் போய் உண்மையைச் சொன்னேன். ஆலோசகர் நம்பவில்லை. “பதினேழாம் எண் வண்டி மூன்றாம் நடைமேடையில் இருந்து” என்று ஆரம்பித்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“ஏம்மா, உனக்கு இது விளையாட்டா?”

“இல்ல மேடம். பாக்க முடியல, அதான்.”

“பாக்க முடியாதவங்கதான் இந்த நோயை வளக்கறாங்க. வீட்டுக்கு வீடு ஒருத்தர் இருக்காங்க, பாசத்துலயே செய்றாங்க.” அவருக்கும் கோபம் குறைய நேரம் ஆனது. பிறகு, “என் தப்பும் இருக்கு. ஒரு தடவயாவது என் எதிர்ல உக்கார வெச்சுப் பேசச் சொல்லியிருக்கணும். சூப்பிரண்டு அவசரத்துக்கு நானும் அவசரப்பட்டேன்” என்றார். இதுவரை இந்தக் கதையில் தன் தப்பு என்று சொன்ன பெரியவர் அவர் ஒருவர்தான். அதனாலேயே அவரை முழுசாகத் திட்ட முடியாமல் போய்விட்டது.

நான் சொல்லித்தான் ஆகவேண்டும் என்று சித்திக்கும் தெரியும், மறுவாரம் அவளும் வந்தாள். படிக்கட்டு முதல் படியிலிருந்து திரும்ப ஆரம்பித்தது. என் படிக்கட்டில் ஒரே படி: வாயை மூடு. சித்தி போனோடு நின்று தவிக்கும்போது நான் அறையில் இருக்கக் கூடாது. மூன்றாம் நாள் அவள் பேசினாள். இரண்டு வார்த்தை, அதுவும் தந்தி மாதிரி. பத்தாம் நாள் சோப்பு வாங்கப் போனாள். எதிர்ப்பக்கத்தில் நின்று சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் ஆனது. கேட்டது ஒன்று, வாங்கி வந்தது வேறு, துணி துவைக்கிற கட்டி. “மாத்திக் கேக்கல?” என்று கேட்க வாய் வரை வந்தது. காலரைக் கடித்தேன்.

ஐந்தாவது வாரம் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நீளமான மேசை. நடுவில் மண்டல அதிகாரி, ஒரு பக்கம் சூப்பிரண்டு, மறுபக்கம் எல்லாவற்றையும் எழுதுகிற குமாஸ்தா. துணைக்கு ஒருவர் வரலாம் என்று போட்டிருந்தது. அம்மா வருகிறேன் என்றாள். சித்தி என்னைக் காட்டினாள்.

“இவளா? இவ வாய வெச்சுட்டு சும்மா இருக்க மாட்டாளேடி.”

“இருக்கணும். அதுக்குத்தான் கூட்டிட்டுப் போறேன்” என்றாள் சித்தி.

ஆலோசகர் நடந்தது எல்லாவற்றையும் மறைக்காமல் புதிய கடிதம் எழுதித் தந்திருந்தார். அதைச் சூப்பிரண்டு ஒரு விரலால் தட்டினார். “போன மாசம் ஒரு லெட்டர், இந்த மாசம் ஒரு லெட்டர். ஆள மாத்திப் பேச வெச்சு டாக்டரையே ஏமாத்தியிருக்காங்க சார். பதினோரு வருஷம் மைக்ல பேசின பொம்பளைக்குப் பேச பயமாம்.”

“ஏம்மா, நீங்க என்ன சொல்றீங்க?” என்றார் அதிகாரி.

சித்தி எழுந்து நின்றாள். கழுத்து சிவந்து, சிவப்பு காதுக்கு ஏறியது. சுவர்க் கடிகாரம் ஓடியது. அரை நிமிடம். சூப்பிரண்டு புன்னகைத்தார். அந்தப் புன்னகையை எங்கே குத்தினால் உடையும் என்று எனக்குத் தெரியும், நாலு வார்த்தை போதும். அதிகாரி என் பக்கம் திரும்பி, “நீயாவது சொல்லும்மா” என்றார். என் வாய் திறந்தது.

“அவ பேச மாட்டா சார்” என்றாள் சித்தி. குரல் கம்மி, உடைந்து, ஒலிபெருக்கிக்குச் சொந்தமே இல்லாத குரலாக வந்தது. “நான்தான் பேசணும். டைம் ஆகும். பொறுத்துக்கங்க.”

பொறுத்தார்கள். வேறு வழி?

“ஏமாத்தினது நிஜம். அவ சின்னப் பொண்ணு, நான் தடுத்திருக்கணும். தடுக்கல. அது என் தப்பு. எழுதிக்கங்க.” குமாஸ்தா எழுதினார். “வண்டிய விட்ட அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேக்கணும், அட்ரஸ் குடுங்க. ஆனா பயம் பொய்யில்ல. மைக்குல பேசினியேன்னு சார் கேக்கறாரு. மைக்குக்கு முகம் கிடையாது சார். அது என்னைத் திருப்பிப் பாக்காது. என் குரல எதுக்கு எடுக்கறீங்கன்னு கேக்கத் தெரியாதவ நான், அது தெரிஞ்சுதான் சார் எடுத்தீங்க.”

சூப்பிரண்டு நாற்காலியில் நிமிர்ந்தார். “அது டிபார்ட்மென்ட் முடிவும்மா.”

“நான் இன்னும் முடிக்கல.” மேசை விளிம்பைப் பிடித்தாள், மேசையில் இருந்த தண்ணீர் கிளாஸ் ஆடியது. “மாத்திரை போட்டுட்டிருக்கேன். பயிற்சி போயிட்டிருக்கு. பன்னிரண்டு வாரம் வேணும். முதல்ல ரெண்டு மணி நேரம், பக்கத்துல இன்னொருத்தர். அப்புறம் கூட்டிக்கலாம். லெட்டர்ல இருக்கு.”

“ஆறு வாரம் பாக்கலாம்” என்றார் சூப்பிரண்டு.

“பன்னிரண்டு.”

“எட்டு வெச்சுக்கலாமே.”

“வைத்தியத்துக்கு எத்தனை வாரம்னு வைத்தியம் பாக்கறவங்க எழுதியிருக்காங்க. இங்க என்ன ஏலமா?”

அதிகாரி குனிந்துகொண்டார். சிரிப்பை மறைத்தாரா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். குமாஸ்தாவிடம் பன்னிரண்டு என்று போடச் சொன்னார். கூடவே, அதன் முடிவில் தேறவில்லை என்றால் வேலை போகும் என்றும் போடச் சொன்னார். அது நியாயமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. கால் உடைந்தவனுக்கு யாராவது அப்படிக் கெடு வைப்பார்களா?

குமாஸ்தா பதிவேட்டைத் திருப்பி வைத்து, “இங்க கையெழுத்து” என்றார். மூன்று பேரும் சித்தியின் கையையே பார்த்தார்கள். நாலு பேர் பார்க்கக் கையெழுத்துப் போடுவதும் அவள் படிக்கட்டில் ஒரு படி, மேலிருந்து இரண்டாவது. பேனா தாளில் பட்டதும் கை துள்ளியது. கையெழுத்து, மழையில் நடந்த எறும்பு மாதிரி கோணிக்கொண்டு போய் நின்றது.

குமாஸ்தா பழைய பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். “இது ஃபைல்ல இருக்கற மாதிரி இல்லையேம்மா.”

“அது தனியா உக்காந்து போட்டது” என்றாள் சித்தி. “நாலு பேர் பாத்தா என் கையெழுத்து இப்படித்தான் இருக்கும். இதையும் ஃபைல்ல வெச்சுக்கங்க.”

குமாஸ்தா அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி தலையசைத்தார். முத்திரை விழுந்தது. சித்தி உத்தரவின் நகலை வாங்கி, மடிக்காமல், எல்லோரும் பார்க்கப் பார்க்க முழுவதையும் ஒருமுறை படித்துவிட்டுத்தான் அறையை விட்டு வெளியே வந்தாள்.